துண்டு வீசியவருக்கு ஜாமீன்

முன்னாள் படைவீரர்கள் நாங்கள் சிலர் குன்னூரில் மாதம் ஒரு முறை கூடுவோம். பென்ஷன் சந்தேகம், கேன்டீன் கார்டு, யாருக்கு முட்டி வலி என்பதையெல்லாம் பேசி முடித்து டீ குடித்துவிட்டுக் கலைவோம். போன கூட்டத்துக்கு இன்னும் வேலையில் இருக்கிற ஹவில்தார் ஒருவர் வந்திருந்தார். கோத்தகிரிப் பக்கத்துக்காரர். ஏதோ ஒரு நாட்டுக்கு அமைதிப் பணிக்குப் போகிறாராம். அந்த ஊர்ச் சனங்களோடு எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்கென்னங்க, போன்ல நம்ம பேசுனா அதுவே அவங்க பாசையில சொல்லிருதுங்க. உங்க காலத்துல என்னங்க பண்ணுனீங்க?"

"அந்தப் போனே நாந்தானுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்காமல், அதைத்தான் நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார். நான் எட்டாவதோடு நின்றவன். எழுதினால் யாருக்காவது மனத்தாங்கல் வந்துவிடுமோ என்று இரண்டு வாரம் பேனாவைத் தொடவில்லை. அதனால் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்தக் கடற்கரை ஊரின் பெயரையும் சொல்லவில்லை.

எங்கள் அப்பா கட்டபெட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மேஸ்திரி. பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்த எஸ்டேட் லாரியில்தான் கிளீனராக ஏறினேன். அங்கிருந்து வெலிங்டனில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய் வரிசையில் நின்றேன். மலையில் லாரி ஓட்டிப் பழகினவன் என்பதால் டிரைவர் ஆக்கினார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஓடு என்றால் ஓடினோம், நில் என்றால் நின்றோம். ராத்திரியில் ஹேண்ட் பிரேக் போட்டோமா இல்லையா என்று எழுந்து போய்ப் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. அதற்காக ஒரு தடவை பாராட்டும் ஒரு தடவை தண்டனையும் வாங்கினேன்.

இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது நம் படை அங்கே போயிருந்தது எல்லோருக்கும் தெரியும். வடகரையில் ஒரு மீன்பிடி ஊரில் எங்கள் ஆட்கள் இறங்கி, ஊர் நிர்வாகமும் எங்கள் கையில் வந்தது. அதற்கு டவுன் கமாண்டன்ட் ஆபீஸ் என்று பெயர். அதை நடத்த மேஜர் குல்கர்ணியைப் போட்டார்கள். நான் அவருக்கு ஜீப் டிரைவர். என் மனைவி வீட்டார் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து கோத்தகிரியில் குடியேறியவர்கள். அது யார் வாயிலிருந்தோ மேலே போய், "இவனுக்கு அந்த ஊர்த் தமிழ் தெரியும்" என்று முடிவு செய்து மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. மலைத்தோட்டத்துத் தமிழ் வேறு, வடகரைத் தமிழ் வேறு என்று பட்டாளத்தில் யாருக்குச் சொல்வது? முதல் வாரம் முழுவதும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பிறகு காது பழகிவிட்டது.

ஆபீஸ் இருந்தது மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடத்தில். ஐஸ் பெட்டிகளின் மேல் பலகையைப் போட்டு மேஜையாக்கியிருந்தோம். எவ்வளவு கழுவினாலும் மீன் வாடை போகாது. காலையில் சனங்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சைக்கிளுக்கு அனுமதி, மண்ணெண்ணெய்க்கு அனுமதி, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி, கல்யாணத்துக்கு ஆள் கூட அனுமதி, சாவுக்கு ஆள் கூட அனுமதி. கடலுக்குப் போகத் தனி அனுமதி. வெளிச்சம் வந்த பிறகு போக வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே திரும்ப வேண்டும்.

மேஜர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒல்லியான மனிதர். டீயே குடிக்கமாட்டார், வெந்நீர்தான். நீலகிரிக்காரன் எனக்கு அதுவே ஒரு குறை. வருகிற ஆளை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பேசுவார். நிற்கிற ஆளிடம் உட்கார்ந்து கேள்வி கேட்டால் பாதிப் பதில் பயத்திலிருந்து வரும் என்பார். யார் என்ன புகார் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பார்த்தது என்ன?" அதை முழுதாகச் சொல்லி முடித்த பிறகு, "நினைத்தது என்ன?" இரண்டையும் ஒருவர் கலந்து சொன்னால் கையைக் காட்டி நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்வார். எங்கள் ஆட்களுக்கும் அதுதான், ஊர்க்காரர்களுக்கும் அதுதான்.

எனக்கு அவர் வைத்த சட்டமும் உண்டு. "அவர்கள் சொன்னதை மட்டும் எனக்குக் கொடு. நான் சொன்னதை மட்டும் அவர்களுக்குக் கொடு. உன் பையிலிருந்து ஒன்றும் எடுக்காதே." எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. சொந்தமாகப் பேசினால்தானே வம்பு.

அந்த ஊரில் கரைவலை இழுப்பது பெரிய தொழில். தோணி ஒன்று வலையை ஏற்றிக்கொண்டு கடலில் அரைவட்டமாகச் சுற்றி விட்டுவிட்டு வரும். இரண்டு பக்கமும் கரையில் ஆட்கள் நின்று கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். ஆள் கூடக் கூடாது என்ற தடையால் அது நின்று போயிருந்தது. ஒரு நாள் ஊர்க்காரர்கள் வந்து மன்றாடினார்கள். மேஜர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தோணியில் எத்தனை பேர், கயிற்றில் எத்தனை பேர், எங்கே நிற்பார்கள், எவ்வளவு நேரம். எல்லாம் எழுதி அனுமதி கொடுத்தார். நடுவில் நான்தான் பேசினேன். நான் கடலையே கப்பல் ஏறின அன்றைக்குத்தான் முதலில் பார்த்தவன்.

அனுமதி கொடுத்த சில நாளில், காவல் நின்ற கிஷன் என்கிற சிப்பாய் ஒரு பெரியவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கிஷன் பாலைவனப் பக்கத்துக்காரன். கூடவே சுபேதார். பெரியவரின் கைகள் துண்டால் கட்டப்பட்டிருந்தன. அது அவருடைய துண்டே.

சுபேதார் சொன்னார்: "கடலில் இருந்த எதிரிப் படகுக்குச் சைகை காட்டினான், சாப்."

அந்த வாரம் பக்கத்துக் கரை ஒன்றில் இரவில் ஆயுதப் படகு வந்து இறங்கியதாகச் செய்தி இருந்தது. சைகை காட்டுகிறவர்களைப் பிடித்தால் பெரிய முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மறுநாள் மத்தியானம் அங்கே போகிற லாரி எங்கள் வாசலில் நிற்கும். அதில் ஏறிய ஆள் எப்போது திரும்புவார் என்பதை எங்கள் ஆபீசில் யாராலும் சொல்ல முடியாது. மேஜராலும் முடியாது.

மேஜர் பெரியவரை உட்கார வைத்தார். கட்டை அவிழ்க்கச் சொன்னார். பிறகு கிஷனிடம் கேட்டார். "பார்த்தது என்ன?"

"சைகை, சாப்."

"அது நினைத்தது. பார்த்தது?"

கிஷன் விழித்தான். யோசித்துச் சொன்னான். "மணல்மேட்டில் இந்த ஆள் நின்றான். துண்டை வலது பக்கம் வீசினான். தூரத்தில் ஒரு படகு வலது பக்கம் திரும்பியது. இடது பக்கம் வீசினான், இடது பக்கம் திரும்பியது. இரண்டு கையையும் கீழே இறக்கினான். படகு மெதுவாகிவிட்டது."

பெரியவர் பெயர் அந்தோனிப்பிள்ளை. மேஜர் கேட்டதை நான் அவரிடம் கேட்டேன். நீங்கள் சைகை காட்டினீர்களா?

"ஓம், காட்டினனான்தான்" என்றார். "நான் மண்டாடி. காட்டாட்டி வேறை ஆர் காட்டுறது?"

இதை அப்படியே கொடுக்க வேண்டும். ஆளே ஒப்புக்கொண்டால் அப்புறம் என்ன விசாரணை? ஆனாலும் கொடுத்தேன். யாருக்குக் காட்டினார் என்று மேஜர் கேட்டார்.

"தோணிக்கு. மீன் எந்தப் பக்கம் போகுதெண்டு தோணியிலை இருக்கிறவனுக்குத் தெரியாது. கரையிலை, மேட்டிலை நிக்கிறவனுக்குத்தான் தெரியும். தண்ணி கறுத்துக்கொண்டு போகும். அதைப் பாத்துத் தோணியைத் திருப்புறதுதான் மண்டாடியின்ரை வேலை."

நான் சொல்லி முடித்ததும் சுபேதார் வாய்விட்டுச் சிரித்தார். "மீனுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறவனுக்கு மீன் தெரியாது, தரையில் நிற்கிறவனுக்குத் தெரியுமாம். நல்ல கதை, சாப்."

வாசலில் பெரியவரின் மகள் ஜெசிந்தா நின்றிருந்தாள். உள்ளே விடவில்லை. கம்பி வழியாகக் கத்தினாள். "அனுமதி தந்தது நீங்கள்தானே ஐயா? இப்ப பிடிச்சு வைச்சிருக்கிறியள்?"

"மண்டாடி இருப்பார், துண்டு வீசுவார் என்று அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?" மேஜர் என் வழியாகக் கேட்டார்.

"வலை எண்டால் மண்டாடி இருப்பார்தானே. அதையும் சொல்லோணுமே? தோணி எண்டால் தண்ணியிலைதான் போகும் எண்டு சொன்னனாங்களே?"

இதை மொழிபெயர்த்தபோது சுபேதார் முகம் சிவந்தது. மேஜர் வெந்நீரை எடுத்துக் குடித்தார். அனுமதி கேட்டவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. கொடுத்தவர்களுக்கு அதைக் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. அங்கே இருந்த எங்கள் ஆட்களில் கடற்கரையில் பிறந்தவன் ஒருவன்கூட இல்லை.

"மேட்டில் இருந்து பார்த்தால் தெரியும் என்பதை எப்படி நம்புவது?" மேஜர் இதை யாரைப் பார்த்தும் கேட்கவில்லை.

அப்போது என் வாய் திறந்துவிட்டது. "எங்கள் ஊரிலும் அப்படித்தான், சாப்."

மேஜர் திரும்பினார். "இது அவர் சொன்னதா, நீ சொல்வதா?"

"நான் சொல்றது, சாப்."

"உன்னை யார் கேட்டது?"

யாரும் கேட்கவில்லை. மேஜர் என்னைப் பார்த்து, "ஆரம்பித்துவிட்டாய். முழுதாகச் சொல்" என்றார்.

சொன்னேன். எங்கள் மலையில் தேயிலைக் காட்டுக்குள் காட்டெருமை வந்து படுத்துக்கொள்ளும். இலை பறிக்கிற பெண்களுக்குச் செடி இடுப்புக்கு மேல் இருக்கும். அடுத்த வரிசையில் எருமை படுத்திருந்தாலும் தெரியாது. எதிர்ச் சரிவில் நிற்கிற ஆளுக்குத்தான் தெரியும். அங்கிருந்து கூப்பிட்டால் காற்றில் குரல் சிதறிப்போகும் என்று துண்டை வீசுவார்கள். வலப் பக்கம் வீசினால் வலப் பக்கமாக ஒதுங்கிப் போ. இரண்டு கையையும் இறக்கினால் அசையாமல் நில். எங்கள் அப்பாவே அப்படி நின்று வீசியிருக்கிறார். பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாதது தூரத்தில் மேலே நிற்கிறவனுக்குத் தெரியும், சாப்.

மேஜர் கேட்டுக்கொண்டார். பிறகு பெரியவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டினார். "அங்கே உட்கார். இந்தக் கேசில் இனி நீ மொழிபெயர்ப்பாளன் இல்லை. சாட்சி."

பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "என்ன தம்பி, உம்மையும் பிடிச்சிட்டினமே?" என்று கேட்டார்.

மறுநாள் காலை, லாரி வருவதற்கு முன்னால், அதே இடத்தில் வலை விட வேண்டும் என்று மேஜர் உத்தரவு போட்டார். சாயங்காலம் சோற்றுக்குப் போனபோது சமையல்காரர் சின்னராசு அண்ணன், அன்னூர்க்காரர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனப்பா பழனிசாமி, மேஜர்கிட்ட எருமைக் கதை சொன்னியாமா?"

"ஆமாங்ணா."

"மீன் கேசுக்கு எருமை சாட்சியா? வெளங்கிரும். நாளைக்கு மீன் வரலீன்னா?"

"அதத்தானுங்ணா நெனச்சுட்டு இருக்கறேன்."

"உன்ற மூஞ்சியப் பாத்தா அந்தப் பெரியவரு சாட்சி, நீதான் கைதியின்னு நெனைப்பாங்க. அந்தச் சோத்தையாவது தின்னு."

தின்ன முடியவில்லை. அவர் என்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது எல்லாம் எனக்கு ஏற்கனவே தோன்றியதுதான்.

காலையில் மேஜர் கிஷனைக் கூப்பிட்டார். "நீ தோணியில் ஏறு. பார்த்ததை வந்து சொல்" என்றார். கிஷன் துப்பாக்கியோடு ஏறினான். தோணி அலையைத் தாண்டும்போதே அவன் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டது கரையிலிருந்து தெரிந்தது. அந்தோனிப்பிள்ளை மணல்மேட்டில் ஏறினார். ஒரு பக்கம் மேஜர், ஒரு பக்கம் சுபேதார், பின்னால் நான். கயிற்றுக்காரர்கள் கீழே காத்திருந்தார்கள். ஜெசிந்தாவும் கயிற்றைப் பிடித்து நின்றாள்.

பெரியவர் வெகு நேரம் சும்மா நின்றார். பிறகு துண்டை எடுத்தார். வலப் பக்கம் வீசினார். தோணி திரும்பியது. நான் கடலைக் கண் வலிக்கப் பார்த்தேன். எனக்குத் தண்ணீர் தண்ணீராகத்தான் தெரிந்தது. மேஜரும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பெரியவர் மறுபடி வலப் பக்கம், வேகமாக, இன்னும் வேகமாக வீசினார். தோணி நடுவழியில் நின்றுவிட்டது. அவர் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். தோணி அசையவில்லை. அப்புறம் மெல்ல நகர்ந்து வலையை விட்டுக்கொண்டு சுற்றி வந்தது.

கரையில் இழுத்தார்கள். வலையின் மடி கரைக்கு வந்தபோது பாசியும் ஜெல்லி மீனும் கையளவு பொடிமீனும்தான் கிடந்தன.

சுபேதார் மெதுவாகச் சொன்னார்: "சாப், இவன் துண்டு வீசினால் படகு திரும்பும் என்பது உறுதியாகிவிட்டது. மீனைக் காணோம்."

அது உண்மைதான். குற்றத்தை நாங்களே நிரூபித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஜெசிந்தா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடிவந்தாள். "அப்பு, இவைக்குச் சொல்லுங்கோ" என்று அழுதாள்.

பெரியவர் அவளையும் பார்க்கவில்லை, மேஜரையும் பார்க்கவில்லை. எங்களை விலக்கிக்கொண்டு சறுக்கி இறங்கித் தோணிக்காரர்களிடம் போனார். "விசரங்களே! கண் பொட்டையே? காட்டிக்கொண்டு நிக்கிறன், நடுவிலை நிப்பாட்டி வைச்சு என்ன பூசையே நடத்தினனீங்கள்? மீன் முழுக்க வெளிக்கிட்டுட்டுது!"

தோணிக்காரர் ஒருவர் கிஷனைக் காட்டினார். "உவர் சத்தி எடுத்து எங்கடை காலிலை விழுந்திட்டார். எப்பிடித் துடுப்புப் போடுறது?"

கிஷன் முட்டியளவுத் தண்ணீரில் வெளுத்துப்போய் நின்றான். மேஜர் இறங்கிப் போனார். அவனை மணலில் உட்கார வைத்தார். நின்றுகொண்டு கேட்டார். "பார்த்தது என்ன?"

"தண்ணீர், சாப். வேறு ஒன்றும் தெரியவில்லை."

"மீன்?"

"போகும்போது இல்லை, சாப். பக்கத்தில் பார்த்தேன், கீழே பார்த்தேன், தண்ணீர்தான். பிறகு எனக்கு வாந்தி வந்தது. துடுப்பு நின்றுவிட்டது." அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "தலையைத் தூக்கினபோது முன்னால் வலது பக்கம் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருந்தது. மீன் துள்ளியது. நிறைய, சாப். அப்படியே வெளியே போய்விட்டது."

"துண்டு எந்தப் பக்கம் காட்டியது?"

"வலது பக்கம், சாப்."

அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம். பிடித்து வந்தவன் அவன். சொன்னான்.

மேஜர் நிமிர்ந்து சுபேதாரைப் பார்த்தார். சுபேதார் விடவில்லை. "இன்றைக்கு மீனைக் காட்டினான். நாளைக்கு வேறு எதையாவது காட்டினால் யார் பொறுப்பு, சாப்?"

அதுவும் நியாயமான கேள்விதான். மேஜர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஆபீசுக்குத் திரும்பி, அனுமதியில் மண்டாடி என்று ஒரு வரி சேர்த்தார். வெள்ளைத் துண்டு மட்டும். பக்கத்தில் எங்கள் காவல்காரன் ஒருவன் நிற்க வேண்டும். ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"கட்டாயமில்லை" என்றார்.

பெரியவர் பெஞ்சில் இருந்தார். இப்போது எதிர்ப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் நல்லவரா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் மேட்டில் நிற்பதைத்தான் பார்த்தேன். திட்டுவதைத்தான் கேட்டேன். மற்றதெல்லாம் நினைத்தது. ஏதாவது ஆனால் என் வேலை போகும், பிள்ளைகள் எஸ்டேட் லைன் வீட்டுக்குத் திரும்பும். வாசலில் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது. கையெழுத்துப் போட்டேன்.

லாரி பெரியவர் இல்லாமல் போனது. அவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "போட்டு வாறன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு மகளோடு போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் அங்கே இருந்த மாதங்களில், கடற்கரைச் சாலையில் ஜீப்பை ஓட்டும்போது மணல்மேட்டில் அந்த வெள்ளைத் துண்டு மேலே போகும் ஒவ்வொரு முறையும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். தோணி வலையை விட்டுக்கொண்டு கரைக்குத் திரும்புகிற வரைக்கும் வண்டியை மெதுவாக உருட்டுவேன். காவலுக்குப் பெரும்பாலும் கிஷனையே போட்டார்கள். அவன் பெரியவருக்குப் பக்கத்தில் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நிற்பான். அவனுக்குக் கடைசிவரை மீன் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் தெரிகிறது என்பான்.

ஒன்றும் நடக்கவில்லை. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. படை திரும்ப உத்தரவு வந்தது. கட்டடத்தைக் காலி செய்து ஐஸ் பெட்டிகளைக் கழுவி வைத்தோம். கிளம்புகிற அன்று காலை, சொல்லிக்கொண்டு போகலாம் என்று மணல்மேட்டுக்கு நடந்து போனேன். காவலை முதல் நாளே எடுத்துவிட்டார்கள். பெரியவர் தனியாக நின்றார்.

"ஐயா, நாங்க போறோமுங்க."

"கேள்விப்பட்டனான்" என்றார், கடலைப் பார்த்துக்கொண்டே. கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "அடுத்ததா வாறவைக்கு நான் மண்டாடி எண்டு ஆர் தம்பி சொல்லுறது?"

மேஜரிடம் கேட்டு எழுதி வாங்கித் தரட்டுமா என்று வாய் வரைக்கும் வந்தது. எங்கள் கையெழுத்தைக் காட்டினால் அடுத்து வருகிறவர்கள் அதையே குற்றமாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? கேட்கவில்லை.

"தெரியலீங்க ஐயா" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு, "தள்ளி நில்லும்" என்று என்னைக் கையால் ஒதுக்கிவிட்டுத் துண்டை எடுத்து இடது பக்கம் வீசினார். தூரத்தில் தோணி திரும்பியது.